கீமோவுக்கு முன்பே இதயத்தை அளந்து வையுங்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை தொடங்கவிருக்கும் பெண்களுக்கும், ஃபைலைக் கையில் இடுக்கிக்கொண்டு அவர்களோடு மருத்துவமனைக்கு அலையும் வீட்டாருக்கும்,



கீமோவுக்கு முன்னால் டாக்டர் எழுதித் தரும் சீட்டில் ரத்தப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன் இவற்றுக்கு நடுவே ‘எக்கோ’ என்றோ ‘மூகா’ என்றோ ஒரு வரி இருக்கும். கட்டி இருப்பது மார்பில், இதயத்துக்கு எதற்குப் பரிசோதனை என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். செலவு ஏற்கெனவே கையை மீறிப் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் இதை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்ற யோசனையும் வரும். அந்த யோசனை வேண்டாம் என்று சொல்லவே இந்த மடல்.

இதயத்தைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் நோய் அல்ல, மருந்து. மார்பகப் புற்றுநோய்க்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவரும் டாக்ஸோரூபிசின், பாட்டிலில் பார்த்தாலே சிவப்பாக இருக்கும். ஏற்றிக்கொண்ட அன்று சிறுநீரும் செந்நிறமாகப் போகும். இத்தாலியின் தெற்கே, காஸ்தெல் தெல் மோந்தே என்ற பழைய கோட்டையின் சுற்றுப்புறத்தில் 1950-களில் எடுத்த மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியின் வழி வந்த மருந்து அது. அந்தக் கரையோரத்து ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் ஏட்ரியாமைசின் என்ற பெயரும் அதற்கு உண்டு. புற்றுச் செல்களை அழிப்பதில் அது கெட்டிக்கார மருந்து. ஆனால் இதயத் தசையையும் அது விட்டுவைப்பதில்லை.

எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1979-இல் அமெரிக்காவில் டேனியல் வான் ஹாஃப் குழுவினர் இந்த மருந்து ஏற்றிக்கொண்ட 3,941 பேரின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் வரை போனவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இதயச் செயலிழப்பு வந்தது. 550-ஐத் தொட்டபோது 7 சதவீதம், 700-இல் 18 சதவீதம். பின்னால் 2003-இல் சாண்ட்ரா ஸ்வெய்ன் குழுவினர் வேறு ஆய்வுகளின் நோயாளிகளை வைத்துக் கணக்கிட்டபோது, 550 மில்லிகிராமிலேயே அந்த ஆபத்து 26 சதவீதம் வரை போகக்கூடும் என்று தெரிந்தது. இதைப் படித்துப் பதற வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகத் தரும் நான்கு சுற்றில் மொத்த அளவு 240 மில்லிகிராம்தான். அபாயக் கோட்டுக்கு வெகு கீழே. ஆனால் ஏற்கெனவே ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அந்தக் கோடு கொஞ்சம் கீழேயே இருக்கும்.

இன்னொரு மருந்து டிராஸ்டுசுமாப். கட்டியில் ‘ஹெர்-2’ பாசிட்டிவ் என்று வந்தவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று ஏறக்குறைய ஓராண்டு ஏற்றுவார்கள். 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து பல உயிர்களைக் காப்பாற்றியது. கூடவே ஓர் அதிர்ச்சியையும் தந்தது. நோய் பரவிய நிலையில் இருந்த பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2001-இல் வெளிவந்தது. டாக்ஸோரூபிசின் வகை மருந்தோடு சேர்த்து இதையும் ஏற்றியவர்களில் 27 சதவீதம் பேருக்கு இதயம் பலவீனப்பட்டிருந்தது; இது இல்லாமல் அந்த மருந்தை மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதம். அதற்குப் பிறகுதான் இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றும் வழக்கம் வந்தது. டிராஸ்டுசுமாப்பால் வரும் பலவீனம் பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் மீண்டுவிடும் என்பது நல்ல செய்தி. ஆனால் வந்திருக்கிறது என்று தெரிந்தால்தானே நிறுத்த முடியும்? இந்தியாவிலேயே தயாரான இதன் மாற்று மருந்து 2014-இல் விற்பனைக்கு வந்தபின், முன்பு நினைத்துப் பார்க்க முடியாத குடும்பங்களுக்கும் இந்தச் சிகிச்சை எட்டியிருக்கிறது. கவனித்துப் பார்க்க வேண்டிய இதயங்களும் அந்த அளவுக்குக் கூடியிருக்கின்றன.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, கால் வீங்குவது, படுத்தால் இருமுவது எல்லாம் கடைசியில் வருபவை. கீமோவில் இருக்கும் ஒரு பெண் சோர்ந்து உட்கார்ந்தால் ‘மருந்தின் அசதி’ என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். அவரும் அப்படியே நினைத்துக்கொள்வார். உடம்பு சொல்லும்வரை காத்திருக்க முடியாது என்பதால்தான் அளவெடுக்க வேண்டியிருக்கிறது.

அளப்பது எதை? இதயத்தின் இடது கீழறை விரியும்போது அதில் ஏறக்குறைய 120 மில்லி ரத்தம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுருங்கும்போது அதில் 70 மில்லி உடம்புக்குள் தள்ளப்படுகிறது. 120-இல் 70 என்றால் 58 சதவீதம். இதைத்தான் ரிப்போர்ட்டில் ‘இ.எஃப்.’ என்று போடுகிறார்கள். இதைப் பரீட்சை மார்க் மாதிரி படிப்பதால்தான் பல வீடுகளில் வீண் கலக்கம். 58 என்று பார்த்ததும் ‘இதயம் பாதிதான் வேலை செய்கிறது’ என்று அழுதுவிடுகிறார்கள். நூற்றுக்கு நூறு எடுக்கும் இதயம் எதுவும் உலகில் கிடையாது. 50-க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்ல நிலை.

இந்த எண்ணை அளக்க இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒலி அலை கொண்டு பார்ப்பது எக்கோ. காமா கேமரா கொண்டு பார்ப்பது மூகா. எக்கோ பலருக்கும் பழகிய ஒன்று. மூகாவைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ‘அணு மருத்துவம்’ என்ற பலகையையும் மஞ்சளில் கறுப்பான கதிரியக்கக் குறியையும் கதவில் பார்த்ததுமே திரும்பிப் போய்விடலாமா என்று பலருக்குத் தோன்றிவிடுகிறது.

உள்ளே நடப்பது இதுதான். முதலில் கையில் ஓர் ஊசி. அதில் கதிரியக்கம் எதுவும் கிடையாது. வெள்ளீயம் சேர்ந்த ஓர் உப்புக் கரைசல். அது ரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் போய்ச் சேர இருபது நிமிடம்போல ஆகும். பிறகு, கதிர்வீச்சைத் தடுக்கும் கனமான உலோக உறை போட்ட சிரிஞ்சில் இரண்டாவது ஊசி வருகிறது. அதில் இருப்பது டெக்னீஷியம்-99எம். முன்பே உள்ளே போயிருக்கும் வெள்ளீயம் இந்த டெக்னீஷியத்தைச் சிவப்பணுவுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சில இடங்களில் கொஞ்சம் ரத்தத்தை வெளியே எடுத்துக் குப்பியிலோ சிரிஞ்சிலோ மருந்தோடு கலந்து திரும்ப ஏற்றுவார்கள். எப்படிச் செய்தாலும் முடிவு ஒன்றே: உடம்பில் ஓடும் ரத்தமே சில மணி நேரத்துக்கு வெளியிலிருந்து பார்க்கக்கூடியதாக ஆகிவிடுகிறது.

மார்பில் மூன்று ஈ.சி.ஜி. ஒட்டுகளை ஒட்டிப் படுக்க வைப்பார்கள். கேமராவின் பெரிய தட்டையான தலை நெஞ்சுக்கு அருகே வரும். கேமரா என்று பெயர் இருந்தாலும் அது உடம்புக்குள் எதையும் பாய்ச்சுவதில்லை. உடம்பிலிருந்து வரும் காமா கதிர்களை வாங்கிக்கொள்வது மட்டுமே அதன் வேலை. முன்பக்கம் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் கொண்ட ஈயத் தகடு. அதன் பின்னால் சோடியம் அயோடைடு படிகம். கதிர் பட்ட இடத்தில் படிகம் ஒரு கணம் மினுங்கும். அந்த மினுக்கத்தைப் பின்னாலுள்ள குழாய்கள் மின்துடிப்பாக்கி எண்ணிக்கொள்ளும். கேமராவை உடலின் இடப்பக்கம் சுமார் 45 பாகை சாய்த்து, திரையைப் பார்த்துக்கொண்டே டெக்னீஷியன் மெல்ல நகர்த்துகிறார். வலது, இடது கீழறைகள் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து, நடுச்சுவர் இருண்ட பட்டையாகத் தெரிய வேண்டும். அந்தக் கோணம் கிடைக்கச் சில நிமிடம் மெனக்கெடுபவர்தான் நல்ல டெக்னீஷியன். பரிசோதனையின் தரம் பாதி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

ஒரே ஒரு துடிப்பில் கிடைக்கும் கதிர்கள் படம் வரையப் போதாது. அதனால் ஈ.சி.ஜி.யின் உயரமான முனை வரும் ஒவ்வொரு முறையும் கணினி புதிதாகத் தொடங்கும். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி. அதை 24 துண்டாக்கினால் ஒவ்வொன்றும் 33 மில்லிவினாடி. நூற்றுக்கணக்கான துடிப்புகளின் முதல் துண்டுகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக, இரண்டாம் துண்டுகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். பத்து நிமிடம்போலப் படுத்திருந்தால், விரிந்து சுருங்கும் ஒரே இதயத் துடிப்பு திரையில் ஓடத் தொடங்கும். அந்தப் பத்து நிமிடமும் அசையாமல் படுத்திருப்பது ஒன்றுதான் நோயாளி செய்ய வேண்டியது. துடிப்பு தாறுமாறாக உள்ளவர்களுக்கு இந்த அடுக்கல் குழம்பிவிடும். அவர்களுக்கு மூகா அவ்வளவு நம்பகமானது அல்ல.

இனி கணக்கு. இடது கீழறை முழுதாய் விரிந்தபோது அந்த இடத்தில் 40,000 கதிர் எண்ணிக்கை, முழுதாய்ச் சுருங்கியபோது 22,000 என்று வைத்துக்கொள்ளலாம். வெளியேறியது 18,000. ஆனால் அந்த 40,000-இல் இதயத்துக்கு முன்னும் பின்னும் உள்ள நுரையீரல், தசை இவற்றின் ரத்தமும் கலந்திருக்கும். அதைக் கழிக்க இதயத்தின் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் வரைந்து, பின்னணி 10,000 என்று எடுக்கிறார்கள். மிச்சம் 30,000. 30,000-இல் 18,000 என்றால் 60 சதவீதம். அதே நோயாளி, அதே படம். கட்டம் மட்டும் தவறுதலாக மண்ணீரலின் மேல் விழுந்துவிட்டது. மண்ணீரலில் ரத்தம் அதிகம் என்பதால் பின்னணி 15,000 ஆகிறது. இப்போது 25,000-இல் 18,000, அதாவது 72 சதவீதம். பின்னணியைக் குறைத்து 5,000 என்று எடுத்திருந்தால் 51 சதவீதம். இதயம் மாறவே இல்லை. எண் மட்டும் 51-க்கும் 72-க்கும் இடையே ஆடிவிட்டது. எடுத்துக்காட்டுக்காகப் போட்ட எண்கள்தான் இவை என்றாலும், கட்டம் இடம் மாறினால் எண்ணும் மாறும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த பிழை.

இதைச் சொல்வது மூகாவைக் குறைத்துப் பேச அல்ல. கவனமாகச் செய்தால், இரண்டு முறை எடுத்த மூகாவுக்கு நடுவே ஐந்து புள்ளி அளவுக்குத்தான் வேறுபாடு வரும். சாதாரண இரு பரிமாண எக்கோவில் பத்துப் புள்ளி வரை ஆடலாம். எக்கோவில் அறையின் வடிவத்தை ஊகித்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது. மூகாவில் வடிவத்தை ஊகிக்க வேண்டிய தேவை இல்லை, எண்ணினால் போதும். ஒருகாலத்தில் புற்றுநோய் மருத்துவர்கள் மூகாவையே பெரிதும் நம்பியதற்கு இதுதான் காரணம்.

அந்த நம்பிக்கையின் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து தபாலில் வந்த ஒரு மாலிப்டினத் தகட்டை இத்தாலியின் பலெர்மோவில் வைத்து ஆராய்ந்து, எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியரும் 1937-இல் டெக்னீஷியத்தைக் கண்டுபிடித்தார்கள். அதே பெர்க்லியில் ஹால் ஆங்கர் 1950-களின் இறுதியில் காமா கேமராவை உருவாக்கினார். அதற்கு முன்பு இடது கீழறை எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்க வேண்டுமானால் ரத்தக்குழாய் வழியே இதயத்துக்குள் குழாய் செலுத்த வேண்டும். 1971-இல் வில்லியம் ஸ்ட்ராஸ், பாரி ஸாரெட், பெர்ட்ராம் பிட் ஆகியோர் ஈ.சி.ஜி.யோடு காமா கேமராவை இணைத்து, குழாய் செலுத்தாமலே அதை அளக்கலாம் என்று காட்டினார்கள். விரிந்த கணம், சுருங்கிய கணம் இரண்டை மட்டும்தான் அப்போது படம்பிடிக்க முடிந்தது. கணினி வந்தபின் முழுத் துடிப்பும் படமானது. 1970-களின் இறுதியிலிருந்து டாக்ஸோரூபிசின் பெறுவோரின் இதயத்தைத் தொடர்ந்து கண்காணிக்க இந்த முறை பயன்பட்டது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2022 வழிகாட்டுதல் எக்கோவுக்கே, அதிலும் முப்பரிமாண எக்கோவுக்கே முதலிடம் தருகிறது. எக்கோவில் சரியாகத் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ.; அதுவும் கிடைக்காத இடத்தில்தான் மூகா. காரணங்கள் நியாயமானவை. எக்கோவில் வால்வு தெரியும், இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தால் தெரியும், இ.எஃப். குறைவதற்கு முன்பே தசையின் நெளிவு குறைவதையும் நவீன எக்கோ காட்டிவிடும். மூகாவில் இவை எதுவும் தெரியாது. கதிரியக்கமும் எக்கோவில் கிடையாது. ஆனால் இடது மார்பில் அறுவை முடிந்து புண் ஆறாதவர்கள், உடல் பருத்தவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள் சிலருக்கு எக்கோவில் படம் தெளிவாகக் கிடைப்பதில்லை. அவர்களுக்கு மூகா இன்றும் கைகொடுக்கும். நல்ல எக்கோ இருக்கும் இடத்தில் எக்கோ, அது தெளிவில்லை என்றால் மூகா என்பதே இந்த மடலின் நிலைப்பாடு.

கதிரியக்கம் பற்றிய அச்சத்துக்கும் நேரான பதில் வேண்டும். ஒரு மூகாவில் உடம்பு வாங்குவது ஏறக்குறைய 5 முதல் 8 மில்லிசீவர்ட். மண், காற்று, விண்வெளி வழியாக உலகில் ஒரு சராசரி மனிதர் ஆண்டுதோறும் வாங்குவது சுமார் 2.4. (தோரியம் கலந்த குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலின் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு இது இன்னும் அதிகம்.) ஆக ஒரு மூகா என்பது இரண்டு, மூன்று ஆண்டு இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். டெக்னீஷியத்தின் வீரியம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். மறுநாள் அதே நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். புற்றுநோயை எதிர்கொள்ளும் ஒருவருக்கு இது அஞ்ச வேண்டிய அளவு அல்ல. அதே சமயம் ஓராண்டில் ஐந்து முறை என்று திரும்பத் திரும்ப எடுத்தால் கூடிக்கொண்டே போகும்; எக்கோவுக்கு முதலிடம் தருவதில் இந்த நியாயமும் இருக்கிறது. கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்களும் பால் கொடுக்கும் தாய்மார்களும் ஊசிக்கு முன்பே கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

மூகாவுக்கான டெக்னீஷியத்தைச் சேமித்து வைக்க முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. டெக்னீஷியத்தைத் தரும் மாலிப்டினம்-99 அணு உலைகளில் உருவாகிறது. அதுவே 66 மணி நேரத்தில் பாதியாகிவிடும். 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் உலை கனநீர்க் கசிவால் நின்றது. 2010 பிப்ரவரியில் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டது. பல நாடுகளில் பரிசோதனைகள் தள்ளிப்போயின. ‘இன்று மருந்து வரவில்லை, நாளை வாருங்கள்’ என்று ஒரு மருத்துவமனை சொன்னால் அது எப்போதும் அலட்சியம் அல்ல.

எல்லாவற்றையும்விட முக்கியமானது முதல் அளவு. மருந்து தொடங்கும் முன் 68 இருந்த ஒருவருக்கு மூன்று மாதத்தில் 54 வந்தால் அது பதினான்கு புள்ளி வீழ்ச்சி. உடனே கவனிக்க வேண்டும். தொடக்கத்திலேயே 55 இருந்தவருக்கு 54 என்றால் ஒன்றுமே இல்லை. முதல் அளவு இல்லாமல் வெறும் 54-ஐ வைத்துக்கொண்டு எந்த டாக்டராலும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதல் முறை எக்கோ, அடுத்தது மூகா, மூன்றாவது வேறு ஊரில் வேறு மெஷினில் எக்கோ என்று மாற்றினாலும் இதே சிக்கல்தான். எந்த முறையில் தொடங்கினீர்களோ அதிலேயே, முடிந்தால் அதே இடத்திலேயே தொடருங்கள்.

டிராஸ்டுசுமாப் ஏற்றும்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும் என்று மருந்தின் விவரக் குறிப்பே சொல்கிறது. முதல் அளவிலிருந்து 16 புள்ளியோ அதற்கு மேலோ குறைந்தால், அல்லது இயல்பு நிலைக்குக் கீழே போய் 10 புள்ளியாவது குறைந்தால், குறைந்தது நான்கு வாரம் மருந்தை நிறுத்தி வைத்து மறுபடி அளக்கச் சொல்கிறது. நிறுத்துவதா, தொடர்வதா என்பதைப் புற்றுநோய் மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். மூன்று, நான்கு புள்ளி குறைந்ததைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே முடிவெடுத்து கீமோவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அந்த வேறுபாடு அளவீட்டின் ஆட்டமாகவே இருக்கலாம், நோய் காத்திருக்காது.

சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் உண்டா? உண்டு. மிலானில் டேனியலா கார்டினாலே குழுவினர் டாக்ஸோரூபிசின் வகை மருந்தால் இதயம் பலவீனப்பட்ட 201 பேரைப் பார்த்து 2010-இல் எழுதினார்கள். கீமோ முடிந்து இரண்டு மாதத்துக்குள் இதயத்துக்கான மாத்திரை தொடங்கியவர்களில் 64 சதவீதம் பேரின் இ.எஃப். முழுமையாக மீண்டது. ஆறு மாதம் கழித்துத் தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூட முழுமையாக மீளவில்லை. அதே குழுவினர் 2015-இல் 2,625 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது 9 சதவீதம் பேருக்குப் பாதிப்பு வந்தது. வந்தவர்களில் 98 சதவீதம் பேருக்கு முதல் ஓராண்டுக்குள்ளேயே தெரிந்துவிட்டது. கடைசி கீமோ முடிந்த மகிழ்ச்சியில் பலரும் மருத்துவமனைப் பக்கம் போகாமல் விடும் காலம் அதுதான்.

மூகாவுக்குப் போகும் பெண்கள் ஊசி போடுபவரிடம் சில விஷயங்களைத் தாங்களாகவே சொல்லிவிடுவது நல்லது. அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கையில் ஊசி வேண்டாம் என்று சொல்லுங்கள். கீமோ போர்ட் வழியாகப் போட வந்தால், அதில் ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் விட்டிருப்பதை நினைவூட்டுங்கள். ஹெபாரின் இருந்தால் டெக்னீஷியம் சிவப்பணுவில் சரியாகப் பிடிக்காது. அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ, சாய மருந்து கொடுத்து சி.டி. எடுத்திருந்தாலோ அதையும் சொல்லுங்கள். இதயம் தாறுமாறாகத் துடிக்கும் பழக்கம் இருந்தால் பரிசோதனையைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். முதல் கீமோவின் தேதி குறித்ததுமே, ‘இதயத்தின் இ.எஃப். பார்த்தாயிற்றா, எவ்வளவு?’ என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த எண்ணையும், எந்த முறையில், எந்தத் தேதியில், எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதையும் ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த அளவு வரும்போது அதற்குக் கீழே எழுதுங்கள். சிகிச்சை முடிந்த பிறகும் டாக்டர் சொல்லும் தேதிகளில் போய் அளந்துவிட்டு வாருங்கள்.